சிங்கப்பூர் வழியாக

கமலாசனிக்கு அந்த மென்பொருளை முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. கணினியைத் திறந்தால் கூப்பிடாமலே வந்து நிற்கும். திரையின் மூலையில் ஒரு பச்சை வட்டம் சுற்றிச் சுற்றி, நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள் என்று சொல்லிக்கொண்டேயிருக்கும். அதை நிறுவினால் கேட்காத நாலைந்து சாமான்கள் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும். அகற்றினால் பாதி போகும், பாதி கிடக்கும். பாவாடையில் ஒட்டின சூயிங்கம் மாதிரி என்று கூட வேலை செய்யும் றலியாவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

கண்டிக்குப் பக்கத்துப் பிலிமத்தலாவையில் கொழும்பு வீதியிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருந்தது அவர்களுடைய கம்பனி. கறுவா, கராம்பு, ஏலம், மிளகு எல்லாம் அங்கே பொதியாகிக் கப்பலேறும். தலைமை அலுவலகம் சிங்கப்பூரில். கண்டிக் கிளையின் கணினிகளும் வலையமைப்பும் கமலாசனியின் பொறுப்பு. நாற்பது தாண்டியவள், அப்பா புகையிரதத் திணைக்களத்தில் இருந்ததால் யாழ்ப்பாணத்துப் பேச்சோடு கண்டியிலேயே வளர்ந்தவள், கட்டுக்கலையில் ஒரு மாடி வீட்டின் கீழ்த்தளத்தில் தனியாக வாடகைக்கு இருந்தாள்.

வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் அலுவலகக் கணினிக்குள் நுழைவதென்றால் பொது இணையத்துக்குள்ளேயே ஒரு மூடிய குழாய் போட வேண்டும். அதைத்தான் வி.பி.என் என்கிறார்கள். அந்தக் குழாயைப் போட இரண்டு வழி இருந்தது. ஒன்று, கொழும்பில் தியாகராஜா என்ற முகவர் விற்ற இந்தப் பச்சை வட்டம். மற்றது, விண்டோஸுக்குள்ளேயே யாரும் தேடாமல் கிடந்த வசதி. பச்சை வட்டத்தைத் திறந்தால், அந்த ஆள் கணினியில் செய்கிற அத்தனையையும், அலுவலக வேலை, பாட்டு, படம், பேஸ்புக் எல்லாவற்றையும், ஒரேயடியாக அள்ளிச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோய் அங்கிருந்துதான் வெளியே விடும். அந்த விதியை மாற்றும் அதிகாரம் கண்டிக்கு இல்லை. விண்டோஸில் இருப்பதை அப்படியில்லாமல் அமைக்கலாம். அலுவலகத்துக்கு உரியதை மட்டும் குழாய்க்குள் விட்டு, மிச்சத்தை வழமையான பாதையிலேயே போகவிடலாம்.

பச்சை வட்டத்தின் ஒப்பந்தம் மார்ச் முடிவில் காலாவதியாக இருந்தது. எதை வைத்துக்கொள்வது என்று ஓர் அறிக்கை எழுதித் தரும்படி முகாமையாளர் அபேரத்ன சொல்லியிருந்தார். கமலாசனி விண்டோஸ் வசதியைச் சிலருடைய கணினிகளில் போட்டுப் பரீட்சித்துக்கொண்டிருந்தாள். அது வாயைத் திறக்காமல் தன் வேலையைச் செய்தது. அவளுக்கு அது போதும்.

அந்த நேரத்தில்தான் கண்டிக்குக் கிழக்கே திகனப் பக்கம் முஸ்லிம்களுடைய கடைகள் எரிய ஆரம்பித்தன.

இரண்டாயிரத்துப் பதினெட்டு மார்ச். திங்கட்கிழமை மத்தியானம் ஊரடங்கு போட்டார்கள். அபேரத்ன எல்லாரையும் மடிக்கணினியோடு வீட்டுக்கு அனுப்பினார். கொள்கலன்கள் துறைமுகத்துக்குப் போயாகிவிட்டன, பத்திரங்கள் நேரத்துக்குப் போகாவிட்டால் சரக்கு கிடந்து நாறும் என்றார். ஏற்றுமதிப் பத்திரப் பிரிவில் அடுத்தடுத்த மேசைகளில் இருந்தவர்கள் றலியாவும் லலந்தவும். இருவருக்கும் வீடு திகன போகிற வழியில் குண்டசாலையில். லலந்த தன் காரில்தான் தினமும் றலியாவை ஏற்றி வந்து ஏற்றிப் போவான். அவளை 'நங்கி' என்று தங்கை முறை சொல்லிக் கூப்பிடுவான். பெருநாளுக்கு அவள் வீட்டு வட்டிலப்பத்தை வழித்துத் தின்பான். சித்திரைக்குத் தன் மனைவி சுட்ட கொண்டைப் பணியாரத்தைப் பெட்டி நிறையக் கொண்டுவந்து முதலில் அவள் மேசையில்தான் வைப்பான். அன்றும் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு போனான். "பயப்படாதே நங்கி, நான் இருக்கிறேன்" என்று சிங்களத்தில் சொன்னது கமலாசனியின் காதிலும் விழுந்தது.

புதன்கிழமை பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் அரசாங்கம் நிறுத்தியது. கைபேசியில் இணையமே இல்லை. வீட்டு இணைப்பு மட்டும் ஊர்ந்தது. நிறுத்திய கொஞ்ச நேரத்திலேயே கம்பனி ஆட்கள் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பச்சை வட்டத்தைத் திறந்தால் எல்லாம் வேலை செய்கிறது. ஏனென்றால் அது இலங்கைக்குள்ளேயே நிற்பதில்லை, சிங்கப்பூர் போய்த்தான் வெளியே வருகிறது.

றலியா பெருமூச்சோடு அழைத்தாள். "கமலாக்கா, அல்லாட காவல், அது ஒன்டு ஈக்கிறதால எங்களுக்குத் தகவல் கெடைக்குது. போன்லயும் போட்டுட்டன். பள்ளிவாசல் குரூப்ல எந்தப் பக்கத்தால ஆக்கள் வாறாங்கண்டு உடனே போடுறாங்க. உம்மாக்கு வாசிச்சிச் செல்லிட்டு ஈக்கிறன்."

"நானா எங்க?"

"பாயிஸ் நானா கடையிலதான். பூட்டிட்டு வாங்கண்டு சென்னா கேக்கிறாரில்ல. செருப்பெல்லாம் புதுச் சரக்காம்."

பாயிஸ் அவளுடைய நானா, அண்ணன். குண்டசாலைக்கு அங்கால் ஒரு சந்தியில் செருப்புக் கடை வைத்திருந்தான்.

வெறுத்த சனியன் ஒருநாளாவது யாருக்கோ உதவுகிறதே என்று கமலாசனி நினைத்தாள். அந்த எண்ணம் தேநீர் ஆறும் வரைகூட நிற்கவில்லை. தியாகராஜா கொழும்பிலிருந்து அழைத்தார்.

"தங்கச்சி, எப்பிடி, பாதுகாப்பாய் இருக்கிறியளோ? கேள்விப்பட்டன். எங்கட சாமானாலதான் உங்கட ஆக்கள் எல்லாரும் பேஸ்புக் பாக்கினமாம்! பாத்தியளே, விண்டோஸ்ல சும்மா கிடக்கிறது இப்பிடி ஒரு நேரத்தில கை குடுக்குமோ? இதை அறிக்கையில ஒரு வரி போடுங்கோ. கலவர நேரத்திலயும் தடையில்லாத சேவை எண்டு."

"ஐயா, இஞ்ச கடை எரியுது."

"ஓமோம், அதைத்தானே சொல்லுறன். இப்பிடி ஒரு சந்தர்ப்பம் எங்களுக்கு விளம்பரம் போட்டாலும் கிடைக்காது."

அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள். வாயில் பழைய எண்ணெய்க் கசப்பு ஒன்று வந்து நின்றது.

மத்தியானத்துக்கு மேல் லலந்த அழைத்தான். பச்சை வட்டம் அடிக்கடி அறுந்து போகிறதாம். "மிஸ், பத்திரம் ஒன்று அனுப்ப முடியவில்லை. கொஞ்சம் பாருங்களேன்." அலுவலகக் கணினிகளைத் தூரத்திலிருந்தே திறந்து திருத்தும் வசதி அவளிடம் இருந்தது. அவன் சம்மதம் கொடுத்ததும் அவனுடைய திரை அவளுடைய திரையில் விரிந்தது.

பத்திரம் எதையும் காணவில்லை. பேஸ்புக் திறந்திருந்தது. மறைக்கவேண்டும் என்று அவனுக்குத் தோன்றவேயில்லை.

மேலே ஒரு படம். ஒரு செருப்புக் கடை. பச்சைப் பலகையில் மூன்று மொழியிலும் பெயர். காரின் கண்ணாடி வழியாக எடுத்த படம். கண்ணாடியின் விளிம்புகூடத் தெரிந்தது. படத்துக்கு மேலே சிங்களத்தில் லலந்த எழுதியிருந்தான்: "இது இன்னும் திறந்திருக்கிறது. நம்முடைய பிள்ளைகள் எல்லாம் எங்கே?" நூற்றுக்கணக்கானவர்கள் விரும்பியிருந்தார்கள். கமலாசனி படத்தின் ஓரத்தைப் பார்த்தாள். கடை வாசலில் ஒரு பெண் சாப்பாட்டுப் பையோடு காரைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் சிரிப்பு. றலியா. என்றோ ஒருநாள் மாலை அண்ணன் கடையில் இறங்கிக்கொண்டு, கொண்டுவந்து விட்டவனுக்குப் போய்வாருங்கள் என்று கைகாட்டியிருக்கிறாள். அவன் அதைப் படமெடுத்து வைத்திருந்திருக்கிறான்.

கீழே யாரோ கேட்டிருந்தார்கள்: கடைக்காரனின் வீடு எங்கே?

"ஒரு நிமிடம் மிஸ், இதை முடித்துக்கொள்கிறேன்" என்றான் லலந்த தொலைபேசியில். அவள் பார்த்துக்கொண்டிருக்க, பதில் பெட்டிக்குள் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன. குண்டசாலை. பிறகு வீதியின் பெயர். தபால் கந்தோரைத் தாண்டி இடது பக்கம். இரண்டாவது கேட், நீல...

கமலாசனி கைபேசியைத் தூக்கித் திரையை ஒரு படம் எடுத்தாள். அடுத்த கணமே வலையமைப்பின் கட்டுப்பாட்டைத் திறந்து, அவன் அதை அனுப்பும் முன் அவனுடைய கணக்கை முடக்கினாள். அவன் திரை அப்படியே உறைந்து பின் மறைந்தது.

"அறுந்துவிட்டது மிஸ்" என்றான் அவன்.

"என்ன எழுதினீர்கள் லலந்த?"

"எதை? ஓ, அதுவா. அது எல்லாரும் போடுவதுதானே மிஸ். நான் யாரையும் அடிக்கப் போகவில்லையே. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்." குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. பின்னால் அவனுடைய சின்ன மகள் பாட்டுச் சொல்லிப் பழகும் சத்தம் கேட்டது. "மிஸ், சீக்கிரம் எடுத்துவிடுங்களேன். பத்திரமும் அனுப்பவேண்டும்."

அந்த 'பத்திரமும்' என்ற சொல்லிலேயே அவள் அழைப்பை அறுத்தாள்.  

முதலில் றலியாவுக்கு அழைத்தாள். "உடன உம்மாவைக் கூட்டிக்கொண்டு வீட்டை விட்டு வெளிக்கிடும். ஒண்டும் எடுக்காதையும். பக்கத்து வீட்டு மெனிக்கே அம்மாட்டப் போம். நானாவையும் கடையை விட்டிட்டு ஓடச் சொல்லும். கடைப் படத்தைப் போட்டிருக்கிறாங்கள்."

"ஆரு போட்டிருக்கு?"

"பிறகு சொல்லுறன். வெளிக்கிடும் இப்ப."

அந்தப் பக்கத்து வீட்டுப் பொடிமெனிக்கே ஓய்வுபெற்ற சிங்களத் தாதி. றலியா போய்க் கதவைத் தட்ட வேண்டியிருக்கவில்லை. அந்த மனுசி ஏற்கனவே பின்வேலியின் தகரத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் காத்திருந்தாளாம்.

பத்து நிமிடத்துக்குள் அபேரத்ன அழைத்தார். லலந்தவின் இணைப்பை ஏன் நிறுத்தினாய் என்று கேட்டார். அவள் சொன்னாள். கண்டதை, எழுத்துக்கு எழுத்து சொன்னாள். 

"கமலா, எனக்கும் மனசுக்குச் சரியில்லைதான். ஆனால் அவன் பேஸ்புக்கில் என்ன செய்கிறான் என்பது கம்பனியின் வேலை இல்லை. பத்திரம் போக வேண்டும். திரும்பக் கொடு."

"அவருக்கு மட்டும் விண்டோஸ் வி.பி.என் போட்டுத் தருகிறேன். வேலை நடக்கும். பேஸ்புக் வராது."

"அவனுக்கு மட்டுமா? நாளைக்குத் தமிழ்ப் பெண் ஒருத்தி சிங்களவனுக்கு மட்டும் வெட்டினாள் என்று எழுதுவார்கள். அதையும் அந்தப் பேஸ்புக்கில்தான் எழுதுவார்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி. எது என்றாலும் எனக்கு ஒன்றுதான். மாலைக்குள் வேலை நடக்கவேண்டும்."

கடைசி வழியாக அவள் தியாகராஜாவுக்கே அழைத்தாள். பச்சை வட்டத்தில் பேஸ்புக்கை மட்டும் மூட முடியுமா என்று கேட்டாள்.

"முடியும் தங்கச்சி, ஏன் முடியாது? ஆனால் அது மேல் வகுப்புப் பொதி. ஒப்பந்தத்தைப் புதுப்பிச்சுத் தாங்கோ, நாளைக்கே செய்விக்கிறன்."

"ஆக்களைக் கொல்லப்போறாங்கள் ஐயா. ஒரு வீட்டு விலாசம் எழுதிக்கொண்டிருக்கிறான்."

"எனக்கு விளங்குது. எண்பத்திமூண்டுக் கலவரத்தில நானும் பட்டனான். ஆனால் என்ர கையில இல்லைப் பாருங்கோ. கையெழுத்து வந்தால்தான் அங்கால கதைக்கலாம்."

கமலாசனி அறிக்கையைத் திறந்து பார்த்தாள். மூன்று மாதமாக அறிக்கையில் அவள் எழுதி வைத்திருந்த காரணங்கள் எல்லாம், வேகம், பராமரிப்பு, பாதுகாப்பு, ஒன்றுக்கும் உதவாத சொற்களாகக் கிடந்தன. எல்லாருக்கும் பச்சை வட்டம் என்றால் அந்த நீல கேட் முழுமையாக எழுதப்பட்டுவிடும். எல்லாருக்கும் விண்டோஸ் என்றால் றலியா குருடாகிவிடுவாள். பள்ளிவாசல் குழுவில் வருகிற எச்சரிக்கை அவளுக்குத் தெரியாமல் போகும்.

றலியாவிடமே கேட்டாள்.

"வேணாம்க்கா" என்று றலியா பதறினாள். "அத மட்டும் வெட்டாதீங்க. எங்களுக்கு அதுதான் கண்ணு. பின்னுக்கு வாறாங்களா முன்னுக்கு வாறாங்களாண்டு எப்பிடித் தெரியும்?"

"சாதாரண போன் கோல் வேலை செய்யுதுதானே. என்ர கணக்கு சிங்கப்பூரோட நேர இருக்கு, அது நிக்காது. என்னை அந்தக் குழுவில சேர்க்கச் சொல்லும். நான் பாத்துப் பாத்து உமக்குச் சொல்லுறன்."

"ஒங்களயா? பள்ளிவாசல் குரூப்லயா?"

"ஓம்."

றலியா அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் கமலாசனியின் கைபேசி அந்தக் குழுவுக்குள் நுழைந்தது. இவர் யார் என்று யாரோ கேட்டார்கள். எங்கட ஆள்தான் என்று யாரோ பதில் போட்டார்கள்.

பிறகு அவள் வேலையைத் தொடங்கினாள். ஒவ்வொரு மடிக்கணினியிலும் விண்டோஸ் வி.பி.என்னின் அமைப்பை ஏற்றினாள், வேலை செய்கிறதா என்று பார்த்தாள், பச்சை வட்டத்தின் கணக்கை நிறுத்தினாள். ஆட்கள் திட்டத் தொடங்கினார்கள். களஞ்சியக் காளிமுத்து தெல்தோட்டையிலிருந்து அழைத்தான்.

"என்னங்க மேடம், மக குவைத்துல இருக்கா. இப்பத்தான் மொகத்தக் காட்டிப் பேசிக்கிட்டு இருந்தோம், பட்டுனு நின்னுபோச்சு. அது இங்க நடக்கிறத கேட்டு அழுதுகிட்டு இருக்குங்க. ஒரு அஞ்சு நிமிசம் குடுத்தீங்கன்னா ஒன்னுமில்லன்னு சொல்லிருவோம்."

"நம்பரைத் தாங்கோ. நான் அவவுக்குச் செய்தி அனுப்பிவிடுறன்" என்றாள். அனுப்பவும் செய்தாள். ஆனால் அவனுடைய 'ஒரு அஞ்சு நிமிசம்' காதுக்குள்ளேயே நின்றது. ஒருத்தன் கையில் இருக்கிற அழுக்குக்காக எல்லாருடைய வாயையும் கட்ட வேண்டியிருக்கிறது என்பதை நினைக்க அருவருப்பாக இருந்தது. வலையமைப்பின் கணக்கைப் பார்த்தபோது அந்த அருவருப்பு இன்னும் பெருத்தது. கணக்கு உள்ளே என்ன போனது என்று காட்டாது, எவ்வளவு போனது என்றுதான் காட்டும். லலந்தவைப் போல இன்னும் பலருடைய கணக்கில் காலையிலிருந்து வீடியோ அளவுக்குப் பெரிய சுமைகள் மேலே ஏறியிருந்தன. அவளுக்குத் தெரிந்த பெயர்கள். அவளுக்கு வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே வருகிறவர்கள். அவள் போட்ட குழாய்.

பொழுது சாயும்வரை அவள் ஒரு கையில் குழுவையும் மறு கையில் தொலைபேசியையும் வைத்திருந்தாள். "பாலத்தடியில நிக்கிறாங்களாம். உங்கட பக்கம் இல்லை." "லொறி ஒண்டு வருதாம், லைட்டை நிப்பாட்டும்." "ராணுவம் வந்திட்டுதாம். இல்லை, அது பொய்யாம், பொறும்." றலியா பொடிமெனிக்கேயின் சமையலறைத் தரையில் உம்மாவோடு உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டு "ஓ... ஓ..." என்றாள்.

வீட்டுக்கு யாரும் வரவில்லை. அந்த நீல கேட்டை யாரும் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. கடைக்கு வந்தார்கள். கடையின் படம்தான் முன்னமே போய்விட்டதே. பாயிஸ் பின்பக்க மதில் ஏறிக் குதித்துத் தேயிலைக்குள் விழுந்து கிடந்தான். கணுக்கால் பிசகியிருந்தது, உயிர் இருந்தது.

அடுத்த கிழமை ஊரடங்கு தளர்ந்ததும் கமலாசனி றலியாவோடு போய்க் கடையைப் பார்த்தாள். இறப்பர்ச் செருப்புகள் எல்லாம் உருகி ஒன்றோடொன்று சேர்ந்து, தரையெங்கும் கறுத்த பாளமாக இறுகிக் கிடந்தன. அங்கங்கே ஒரு குழந்தைச் செருப்பின் வார், ஒரு பூ. பாயிஸ் ஒரு காலை ஊன்றிக்கொண்டு மண்வெட்டியால் அதைப் பெயர்க்கப் பார்த்தான். பெயரவில்லை. அந்த நாற்றம் கமலாசனியின் தலைமயிரில் ஏறிக்கொண்டது.

அங்கிருந்து நேரே பொலிஸ் நிலையத்துக்குப் போனாள். கைபேசியில் எடுத்த படத்தைக் காட்டினாள். மேசைக்குப் பின்னாலிருந்தவர் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். ஓரத்தில் கையசைத்துக்கொண்டிருந்த பெண்ணின் மேல் விரலை வைத்தார். "இந்தப் பொம்பிளை யார்?" என்று கேட்டார்.

"அது முக்கியமில்லை ஐயா. எழுதினவர் யார் என்று மேலே இருக்கிறது."

"அது சரி. இந்தப் பொம்பிளை யார்?"

லலந்தவை ஒருநாள் கூப்பிட்டார்கள். காலையில் போனவன் மத்தியானச் சாப்பாட்டுக்கு அலுவலகத்துக்கு வந்துவிட்டான். கோபத்தோடு வருவான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் மனம் நொந்தவன்போல அவள் மேசைக்கு முன்னால் வந்து நின்றான்.

"மிஸ், பொலிஸுக்குப் போக முன்னம் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அழித்திருப்பேனே. இவ்வளவு காலம் ஒரே இடத்தில் வேலை செய்கிறோம்."

உண்மையாகவே அவனுக்கு வலித்திருந்தது. அதுதான் அவளால் சகிக்க முடியாமல் இருந்தது. பொய்யாக நடித்திருந்தால்கூட ஒரு மரியாதை இருந்திருக்கும். எண்பத்திமூன்றுக் கலவரத்தில் அவர்களுடைய வீட்டைச் சூறையாடியபோது அவளுக்கு ஒன்பது வயது. அகதி முகாமாக இருந்த பாடசாலைக்கு, அவர்களுடைய பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் சோற்றுப் பார்சலோடு வந்து, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார். அவர் போட்டிருந்தது அப்பாவின் சட்டை. அம்மா தைத்த பொத்தானை அவள் கண்டுபிடித்தாள். அப்பாவும் கண்டார். நன்றி என்றார்.

கமலாசனி நன்றி சொல்லவில்லை. "இங்கிருந்து போங்கள்" என்று மட்டும் சொன்னாள். அவன் போனான். பின்னேரம், பாதிக்கப்பட்டவர்களுக்கென்று அலுவலகத்தில் வைத்திருந்த பெட்டியில் இரண்டு பக்கற் பிஸ்கட்டும் ஒரு பால்மாப் பக்கற்றும் வைத்துவிட்டுப் போனதையும் கண்டாள்.

றலியாவுக்கு யாரென்று சொல்லவேண்டியிருந்தது. பஸ் தரிப்பிடத்தில் வைத்துச் சொன்னாள். படத்தையும் காட்டினாள். றலியா அதை நெடுநேரம் பார்த்தாள். தன்னுடைய கையையும் சிரிப்பையும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று தோன்றியது.

"என்னத்துக்கு எனக்குச் சென்னீங்க?" என்றாள் கடைசியில்.

"தெரியாமலே அவன்ர காரில ஏறப்போறீரே."

"தெரியாமப் போனா ஏறீப்பன். நானாட கடை போன பொறகு என்ட சம்பளம்தான் வீட்டுக்கு. அவன்ட பக்கத்து மேசைதான் எனக்கு. எட்டு மணித்தியாலம். இப்ப நான் எப்பிடி அங்க இருக்கிற?" அவள் குரல் உயர்ந்தது. "நீங்க ஒங்கட மனசில இருந்தத எறக்கி என்ட மடியில வச்சிட்டீங்க."

 பஸ் வந்தது. றலியா ஏறினாள். ஏறின பிறகு கம்பியைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தாள். கோபம் தீர்ந்திருக்கவில்லை. ஆனாலும், "நாளைக்கும் இந்த பஸ்ஸிலதான் வருவன்க்கா" என்றாள்.

மார்ச் முடியும் தறுவாயில் சிங்கப்பூரிலிருந்து மின்னஞ்சல் வந்தது. கண்டிக் கிளையில் பச்சை வட்டத்தை விட்டுவிட்டு விண்டோஸ் வி.பி.என்னையே வைத்துக்கொள்ளும்படி உத்தரவு. கமலாசனியின் அறிக்கையை யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை. காரணம் வேறு. தங்களுடைய இணைய முகவரியிலிருந்து பிரச்சினைக்குரிய பதிவுகள் போயிருக்கின்றன என்று அவர்களுடைய சட்டத்தரணி எச்சரித்திருந்தாராம். கம்பனியின் பெயர் கெட்டுவிடக்கூடாதாம். செருப்புக் கடையைப் பற்றி ஒரு சொல் இல்லை. கடைசியில், சரியான தெரிவை நேரத்தோடு செய்ததற்காகத் திருமதி கமலாசனிக்குப் பாராட்டு. அவள் திருமதியும் இல்லை.

அபேரத்ன அதை அச்சடித்து அறிவித்தல் பலகையில் குத்தினார். "பார்த்தாயா, நீ சொன்னதுதான் நடந்தது" என்றார் சந்தோஷமாக. தியாகராஜா இன்னொரு தடவை அழைத்தார். அவள் எடுக்கவில்லை.

மிஞ்சிக் கிடந்த பச்சை வட்டங்களை ஒவ்வொரு கணினியிலிருந்தும் வேரோடு பிடுங்குவது இரண்டு மூன்று நாள் வேலையாக இருந்தது. லலந்தவின் கணினி வந்தது. வேறு யாரையாவது செய்யச் சொல்லியிருக்கலாம். வேறு யாரும் இல்லை. றலியா அபேரத்னவிடம் நின்று பேசித் தன் மேசையை ஜன்னலோரமாக மாற்றிக்கொண்டிருந்தாள், முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். லலந்த ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கமலாசனியின் பக்கத்தில் உட்கார்ந்தான். வெற்றிலை வாசம் வந்தது. அவள் கதிரையைத் தள்ளிப் போட்டாள். அவன் கவனிக்கவில்லை.

"புதியதில் பேஸ்புக் போகுமா மிஸ்?"

தடை நீக்கி நாளாகியிருந்தது. நாடு முழுவதும் எல்லாம் பழையபடி திறந்து கிடந்தது.

"அது உங்கள் போனிலேயே வருகிறதே" என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஓ, அதுவும் சரிதான்" என்று சிரித்துக்கொண்டு, லலந்த சட்டைப் பையிலிருந்து போனை வெளியே எடுத்தான்.